டென்னிஸ் பந்தும் நமது பெண் பிள்ளைகளும்

நூற்றாண்டு மலர் என்றால் கட்டடங்களின் வரலாறும் அதிபர்களின் வரிசையும் பரீட்சைப் பெறுபேறுகளும் இடம்பெறுவது வழக்கம். அவற்றை எழுத நம் சங்கத்தில் தகுதியுடையோர் பலர் இருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்டது சிறியதொரு பொருள்: டென்னிஸ் பந்து. உக்குவளையில் படித்து வளர்ந்த நம்மில் மிகப் பெரும்பாலோர் டென்னிஸ் ஆடுகளம் ஒன்றில் கால் வைத்ததில்லை. ரக்கெட்டைக் கையில் பிடித்தவர்களும் ஒரு சிலரே. ஆயினும் டென்னிஸ் பந்தைத் தொடாமல் வளர்ந்தவர் எவரும் இலர். எல்லே ஆடியது அதைக்கொண்டுதான். தம்பிமாரோடு முற்றத்தில் கிரிக்கெட் ஆடியதும் அதைக்கொண்டுதான். ஆட யாரும் கிடைக்காத நாளில் சுவரில் எறிந்து பிடித்ததும் அதைத்தான்.

ஆட்டம் வராத ஊருக்குப் பந்து மட்டும் எப்படி வந்தது? அந்த ஆட்டம் தன்னை ஆடிய பெண்களுக்கு எதைக் கற்றுக்கொடுத்தது? அதில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது எவ்வளவு, இன்னும் கிடைக்க வேண்டியது எவ்வளவு? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பந்தாடுதல் நமக்குப் புதிதன்று

பெண் பிள்ளைகள் பந்தாடுவது வெள்ளைக்காரர் பழக்கிய பழக்கம் என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்றொரு பகுதி இருக்கிறது. கந்துகம் என்றால் பந்து. பெண்கள் பந்தடித்தவாறே பாடும் பாட்டு அது. அம்மானைக்கும் ஊசலுக்கும் நெல் குற்றும் பாட்டுக்கும் பக்கத்திலேயே பந்துக்கும் இளங்கோவடிகள் இடம் கொடுத்திருக்கிறார். திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியிலும் தலைவி வசந்தவல்லி பந்தடிக்கும் காட்சி வருகிறது.

இவை எல்லாவற்றையும்விட நமக்கு முக்கியமானது கொங்குவேளிரின் பெருங்கதை. அதில் 'பந்தடி கண்டது' என்றே ஒரு பகுதி உண்டு. இரண்டு அரசியரின் தோழியர் போட்டியிட்டுப் பந்தடிக்கிறார்கள். யார் எத்தனை அடி அடித்தார் என்று ஆயிரக்கணக்கில் எண்ணிச் சொல்லப்படுகிறது. ஆகவே பெண்கள் போட்டியிட்டு ஆடுவதும், அதற்குக் கணக்கு வைப்பதும் தமிழுக்குத் தெரியாதவை அல்ல.

ஆனால் அந்தப் போட்டி எதில் முடிகிறது? எல்லோரையும்விட அதிகமாக அடித்த மானனீகையின் மீது, அதைப் பார்த்திருந்த உதயணன் காதல் கொள்வதில் முடிகிறது. ஆட்டத்தில் வென்றவளுக்குக் கிடைத்தது அரசனின் கண் மட்டுமே. பழைய நூல்களில் பந்தாடும் பெண்ணைப் பார்த்து வியக்கிறார்கள், வருணிக்கிறார்கள். வீட்டுக்கு வெளியே, ஊருக்குப் பொதுவான களத்தில், தன் பெயரில் எழுதப்படும் வெற்றிக்காக அவள் ஆடுவது பின்னால் வந்தது. அது வந்த வழிகளில் ஒன்றுதான் டென்னிஸ்.

இறப்பரும் புல்வெளியும்

சுவர் சூழ்ந்த மண்டபத்துக்குள் ஆடப்பட்ட பழைய டென்னிஸ் ஐரோப்பிய அரண்மனைகளுக்கு உரியது. துணியும் மயிரும் திணித்த அந்தப் பந்து புல்லில் விழுந்தால் எழும்பாது. 19ஆம் நூற்றாண்டில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறப்பரை உறுதியாக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளே காற்று நிறைந்த, புல்லிலும் துள்ளும் பந்து அதனால் சாத்தியமாயிற்று. புல்லை ஒரே மட்டமாக வெட்டும் இயந்திரமும் அதே நூற்றாண்டில்தான் வந்தது. இவை இரண்டும் சேர்ந்த பின்னர், 1874ஆம் ஆண்டில் வோல்டர் விங்ஃபீல்ட் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி, வலையும் ரக்கெட்டும் பந்தும் ஒரே பெட்டியில் அடங்கிய புல்வெளி டென்னிஸுக்குக் காப்புரிமை பெற்றார். 1877இல் விம்பிள்டனில் முதலாவது போட்டி நடைபெற்றது. அதில் ஆண்கள் மட்டுமே ஆடினர்.

ஏழே ஆண்டுகளில் பெண்களும் உள்ளே வந்தார்கள். 1884ஆம் ஆண்டு விம்பிள்டன் பெண்கள் போட்டியில் 13 பேர் கலந்துகொண்டனர். இறுதி ஆட்டத்தில் மோதியவர்கள் ஒரு பாதிரியாரின் இரண்டு மகள்மார். தங்கை மோட் வொட்சன் அக்கா லிலியனை வென்று முதலாவது சம்பியனானார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் சார்லட் கூப்பர் பெற்ற டென்னிஸ் வெற்றியே, தனிநபர் ஆட்டமொன்றில் ஒரு பெண் பெற்ற முதலாவது ஒலிம்பிக் வெற்றி. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமே இருக்கவில்லை.

பல விளையாட்டுகள் கதவை மூடி வைத்திருந்த காலத்தில் டென்னிஸ் திறந்ததற்குக் காரணம் எளியது. அது வீட்டுத் தோட்டத்தில் பிறந்த விளையாட்டு. தேநீர் விருந்துக்கு வந்த ஆண்களும் பெண்களும் ஒரே புல்வெளியில் ஆடினார்கள். பெண் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த இடத்துக்கு விளையாட்டு வந்து சேர்ந்தது. அங்கிருந்து பொதுக் களத்துக்குப் போக அவளுக்கு ஓர் அடி எடுத்து வைத்தால் போதுமாயிருந்தது. பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டுமென்றால் அவர்கள் இருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டும் என்ற பாடத்தை நாம் இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

துரை பங்களாவின் சமதரை

கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் புகையிரதம் வந்தது. நமது உக்குவளை நிலையம் அந்தப் பாதையில் இருப்பது. கோப்பியும் பின்னர் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் ஏற்றிப்போன அந்தப் பாதை, தோட்டத்துரைமாரின் வாழ்க்கை முறைகளையும் மலைக்குக் கொண்டுவந்தது. பங்களாவை ஒட்டி ஒரு டென்னிஸ் ஆடுகளம் அமைப்பது அவற்றுள் ஒன்று. தோட்டத்துக்குத் தோட்டம் தொலைவாக இருந்த அந்தக் காலத்தில், வார இறுதியில் அயல் தோட்டத்துத் துரைமாரும் துரைசாணிமாரும் கூடுவதற்கு அது ஒரு காரணமாயிற்று. 1915ஆம் ஆண்டில் இலங்கை டென்னிஸ் சங்கம் உருவானது. 1953இல் நமது நாடு டேவிஸ் கிண்ணப் போட்டியில் முதன்முறையாக ஆடியது.

ஆனால் அந்த ஆட்டம் லயத்துக்கோ கிராமத்துக்கோ இறங்கி வரவில்லை. அதற்குப் பணத்தோடு தரையும் ஒரு காரணம். டென்னிஸ் ஆடுகளத்தின் கோடுகளுக்குள் நீளம் 78 அடி, இரட்டையர் ஆட்டத்துக்கு அகலம் 36 அடி. ஓடிப் பந்தெடுக்க இடம் விட்டால் 120 அடிக்கு 60 அடி சமதரை வேண்டும். மலையில் சமதரை என்பது மிக அரிய சொத்து. தோட்டத்தில் அது தொழிற்சாலைக்கும் பிரட்டுக் களத்துக்கும் துரை பங்களாவுக்கும் போய்விடும். ஆற்றோரத்துச் சமதரை வயலுக்கு உரியது. மிச்சம் இருப்பது சரிவு. அந்தச் சரிவில் லயங்களும் வீடுகளும் நின்றன. பல இடங்களில் பாடசாலைகளும் நின்றன. துரை ஆடும்போது பந்து பொறுக்கிக் கொடுக்கத் தோட்டத்துப் பையன்கள் வேலிக்கருகில் நின்றார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த வேலைகூட இல்லை. அவர்கள் கொழுந்துக் கூடையோடு மலையில் நின்றார்கள்.

இதில் இன்னுமொரு விந்தை உண்டு. பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளில் முளைத்த இறப்பர்க் கன்றுகள், 1876இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்து ஹேனரத்கொடையில் நடப்பட்டன. அங்கிருந்து இறப்பர் தீவெங்கும் பரவி நமது மாத்தளை மாவட்டத்துக்கும் வந்தது. டென்னிஸ் பந்தின் உள்ளே இருப்பது இறப்பர்தான். பந்துக்கு வேண்டிய பாலை விடியற்காலையில் வெட்டி எடுத்துக் கொடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆடுகளம் மட்டும் எட்டாமல் இருந்தது.

பாடசாலைகள் தெரிந்தெடுத்த ஆட்டம்

நமது நூற்றாண்டின் தொடக்க காலத்திலேயே பெண்கள் பாடசாலைகள் இதற்கு ஒரு வழி கண்டன. அந்த வழி வலைப்பந்தாட்டம். இலங்கையில் முதலாவது வலைப்பந்தாட்டம் 1927ஆம் ஆண்டில், நமக்கு அயலிலுள்ள கண்டியில், மகளிர் உயர் பாடசாலையில் ஆடப்பட்டது. பின்னர் அது நாடெங்கும் பரவி, இலங்கைப் பாடசாலை மாணவியர் ஆட்டம் என்றால் வலைப்பந்துதான் என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். வலைப்பந்துக் களத்தின் நீளம் 100 அடி, அகலம் 50 அடி. ஏறத்தாழ டென்னிஸுக்கு வேண்டிய அதே நிலம்தான். ஆனால் டென்னிஸில் அந்த நிலத்தில் ஆடக்கூடியவர் இருவர், மிஞ்சினால் நால்வர். வலைப்பந்தில் ஒரே நேரத்தில் 14 பேர் ஆடலாம். தேவைப்படுவது ஒரே ஒரு பந்து, இரண்டு கம்பங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியையும் ஒரு துண்டு நிலமும் உள்ள பாடசாலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் ஏது? பந்தை மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது, கையில் வைத்துக்கொண்டு ஓடவும் கூடாது என்பது அதன் விதி. கிடைத்ததை உடனே அடுத்தவளுக்குக் கொடுக்கப் பழக்கும் ஆட்டம் அது.

அது வீணாகவில்லை. ஆசிய வலைப்பந்துச் சம்பியன் பட்டத்தை இலங்கை 1989, 2009, 2018, 2022 என்று பல தடவை வென்றிருக்கிறது. 2009இலும் 2018இலும் அணியின் தூணாக நின்றவர் யாழ்ப்பாணத்து மகள் தர்ஜினி சிவலிங்கம். 6 அடி 10 அங்குல உயரம் கொண்டவர். 'இவ்வளவு உயரமான பெண்ணா' என்று ஊரார் வேடிக்கை பார்த்திருக்கக்கூடிய ஓர் உயரத்தை, வலைப்பந்து நாட்டின் பலமாக மாற்றியது. உடலை மறைத்துக் கூனி நடக்கப் பழகும் வயதில் இருக்கும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் அது.

இதே காலத்தில்தான் இலங்கைப் பெண்கள் வேறு கணக்கொன்றிலும் சேர்ந்தார்கள். 1931இல் 21 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதேவேளை, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டனர் என்பதும் நம் மாவட்டத்தின் வரலாறே. யார் கணக்கில் வருகிறார், யார் வெளியே நிற்கிறார் என்ற கேள்வி மைதானத்தில் மட்டும் எழுந்ததன்று.

ஆட்டத்தை விட்டுவிட்டுப் பந்து மட்டும் வந்தது

டென்னிஸ் பந்து 58 கிராம் அளவு எடை. 100 அங்குல உயரத்திலிருந்து விட்டால் அதில் பாதிக்குச் சற்று அதிகமாக எழும்ப வேண்டும் என்பது விதி. முன்பு வெள்ளை நிறத்திலேயே இருந்தது. தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 1972இல் சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் மஞ்சள் பந்தை அனுமதித்தது. விம்பிள்டன் 1986 வரை வெள்ளையை விடவில்லை.

விம்பிள்டனில் முதல் 7 கேம்கள் முடிந்ததும் பந்துகளை மாற்றுவார்கள். பிறகு 9 கேம்களுக்கு ஒரு தடவை மாற்றுவார்கள். காற்றழுத்தமும் மேலுள்ள மயிரும் குறைந்தால் அது ஆட்டத்துக்கு உதவாது. நமது ஊரிலோ மயிரெல்லாம் உதிர்ந்து வழுக்கையான பிறகுதான் ஒரு பந்தின் உண்மையான வாழ்வு தொடங்கும். கானுக்குள் விழுந்து எடுக்கப்பட்டு, கூரைப் பீலியில் சிக்கி மீட்கப்பட்டு, வெடித்து இரண்டாகப் பிளக்கும்வரை அது ஆட்டத்தில் இருக்கும்.

எல்லே ஆட்டத்துக்கு அது பெரும் உதவியாயிற்று. பந்தைத் துடுப்பால் ஓங்கி அடித்துவிட்டு, சுற்றிவர உள்ள நிலைகளைத் தொட்டு ஓடிவரும் அந்த ஆட்டத்தில், ஓடுகிறவரைப் பந்தால் எறிந்து அடித்து ஆட்டமிழக்கச் செய்யலாம். கல் போன்ற பந்தென்றால் எந்தத் தாய் மகளை அனுப்புவாள்? டென்னிஸ் பந்து பட்டால் சுளீரென்று வலிக்கும், காயம் வராது. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஊர் மைதானங்களிலும், பாடசாலைப் போட்டிகளில் வலய மட்டம், மாகாண மட்டம் என்றும் பெண்கள் எல்லே ஆடுவதற்கு அந்த மென்மையான பந்து துணை நின்றது.

சுவர் ஆட்டத்தையும் மறக்க முடியாது. உலகத்து டென்னிஸ் வீரர்கள் பலரின் முதல் எதிராளி ஒரு சுவர்தான். சுவர் களைப்படையாது, பிழை விடாது, சாக்குச் சொல்லாது. நாம் எவ்வளவு வேகமாக எறிகிறோமோ அவ்வளவு வேகமாகத் திருப்பித் தரும். தனியாக நின்று பழகுவது எப்படி என்பதை அந்தச் சுவரிடம்தான் நாம் படித்தோம். டென்னிஸ் பிள்ளைகள் பழகும் சுவரில் மூன்று அடி உயரத்தில் ஒரு கோடு இருக்கும். வலையின் நடுப்பகுதியின் உயரம் அது. நமது சுவரில் அந்தக் கோடு மட்டும் இருக்கவில்லை.

விதிகளுக்குள் இருக்கும் பாடம்

விளையாட்டு ஒழுக்கத்தைக் கற்பிக்கும் என்று பரிசளிப்பு விழாக்களில் சொல்வது வழக்கம். டென்னிஸைப் பொறுத்தவரை அது வெறும் மேடைப் பேச்சன்று. அந்த ஆட்டத்தின் விதிகளிலேயே அந்தப் பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது, மத்தியஸ்தர் இல்லாத ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தன் பக்கத்துக் கோட்டுக்குத் தானே சாட்சி. பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று அவளே சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் எதிராளிக்கே சாதகமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி. யாரும் பார்க்காத இடத்தில் தனக்கு எதிராகத் தானே உண்மை சொல்லப் பழகும் பிள்ளை, பின்னாளில் கணக்கு எழுதும்போதும் பரீட்சை விடைத்தாளைத் திருத்தும்போதும் அப்படியே நடப்பாள்.

இரண்டாவது, முதலாவது கேம் முடிந்ததும், பிறகு ஒற்றை எண் கேம்கள் முடியும்போதெல்லாம் இருவரும் பக்கம் மாற வேண்டும். வெயில் ஒருத்தியின் கண்ணில் மட்டும் அடிக்காது. காற்று ஒருத்திக்கு மட்டும் துணை செய்யாது. வாய்ப்பை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான விதியை நாம் கண்டதில்லை.

மூன்றாவது, டென்னிஸில் மணிக்கூடு இல்லை. நேரத்தைக் கடத்தி வெல்ல முடியாது. எவ்வளவு முன்னால் இருந்தாலும் கடைசிப் புள்ளியை எடுக்கும்வரை வெற்றி இல்லை. எவ்வளவு பின்னால் இருந்தாலும் அந்தப் புள்ளி போகும்வரை தோல்வியும் இல்லை.

நான்காவது, சேர்வ் என்னும் பணித்தலில் முதல் பந்து தவறினால் இன்னொன்றுக்கு இடமுண்டு. இரண்டாவதும் தவறினால் புள்ளி போய்விடும். ஒரு தடவை தவறலாம், அடுத்ததில் நிதானம் வேண்டும் என்பதைப் பிள்ளைக்கு இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. க.பொ.த. சாதாரண தரத்தை இரண்டாம் முறை எழுதிய எத்தனையோ சகோதரிகள் நம்மிடையே ஆசிரியைகளாகவும் தாதியராகவும் இருக்கிறார்கள்.

இந்தப் பாடங்களை வாழ்க்கையில் காட்டிய தமிழர்களும் உண்டு. கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் தந்தையிடம் ஆட்டம் கற்றவர். 1998ஆம் ஆண்டு அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியில் முதல் சுற்றில் வென்றார். நவீன காலத்தில் கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்றில் ஒற்றையர் ஆட்டம் ஒன்றை வென்ற முதலாவது இந்தியப் பெண் அவர். தன் வாழ்க்கை நூலுக்கு அவர் 'மூன்போலர்' என்று பெயர் வைத்தார். பந்தை வானளவு உயர்த்தி, அது இறங்கி வரும்வரை பொறுத்திருந்து ஆடுகிறவள் என்பது அதன் பொருள். அடித்து நொறுக்கும் பலம் இல்லாதவருக்கும் ஆட்டத்தில் ஒரு வழி உண்டு என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார். அவருக்கு வெகு முன்னர், 1934இல், விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தை வென்ற முதலாவது இந்தியப் பெண் லீலா ராவ். அவரின் தாய் க்ஷமா ராவ் சமஸ்கிருதப் புலவர். நூலும் ரக்கெட்டும் ஒரே வீட்டில் இருந்தன.

சென்னையின் விஜய் அமிர்தராஜ் சிறுவயதில் நோயாளிப் பிள்ளை. அவரையும் சகோதரர்களையும் டென்னிஸ் வீரர்களாக வளர்த்ததில் தாய் மாகியின் பங்கு பெரிது. 1974இல் இந்திய அணி டேவிஸ் கிண்ண இறுதிக்கு வந்தது. எதிரே இருந்தது நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாபிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போயிற்று. விஜய்யும் அண்ணன் ஆனந்தும் அந்த அணியில் இருந்தவர்கள். கிண்ணத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு என்பதையும் டென்னிஸ் வரலாறு பதிந்து வைத்திருக்கிறது.

சம ஊதியத்துக்கான போராட்டமும் இந்த ஆட்டத்திலிருந்தே உரக்கக் கேட்டது. 1970இல் பில்லி ஜீன் கிங் உட்பட ஒன்பது பெண்கள், ஒரு டொலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தமக்கெனத் தனிச் சுற்றுப் போட்டியைத் தொடங்கினர். 1973இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டி ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பரிசு வழங்கியது. விம்பிள்டன் அதை வழங்க 2007 ஆயிற்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் இடைவெளி! அந்த ஆண்டு பெண்கள் பட்டத்தை வென்று சம பரிசைப் பெற்றவர், அதற்காக வாதாடி வந்த வீனஸ் வில்லியம்ஸ். அவரும் தங்கை செரீனாவும் சிறு வயதில் பழகியது அமெரிக்காவின் ஏழை நகரொன்றின் பொது ஆடுகளங்களில்.

உடையைப் பற்றிய வாதம்

பெண் பிள்ளையின் விளையாட்டு என்றதும் நமது வீடுகளில் எழும் முதற் கேள்வி உடையைப் பற்றியது. இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. 1884இல் மோட் வொட்சன் ஆடியது கணுக்கால்வரை நீண்ட பாவாடையில். 1919இல் பிரான்ஸ் நாட்டு சுசான் லெங்லென் இடுப்பை இறுக்கும் உள்ளுடை இல்லாமல், முழங்காலுக்குக் கீழே முடியும் உடையில் வந்தபோது ஆங்கிலேயர் முகம் சுளித்தனர். அந்த ஆண்டுச் சம்பியன் லெங்லென்தான். 2018ஆம் ஆண்டு இறுதியில்தான் பெண்கள் டென்னிஸ் சங்கம், பாவாடை இல்லாமல் நீண்ட இறுக்கக் காற்சட்டை மட்டும் அணிந்து ஆடலாம் என்பதை விதிகளில் தெளிவாக்கியது.

தலையை மறைத்து ஆடுவதற்கும் கதவுகள் திறந்திருக்கின்றன. உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2014இலும் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இலும் அதை அனுமதித்தன. ஹைதராபாத்தின் சானியா மிர்சா 2015இல் இரட்டையர் ஆட்டத்தில் உலகின் முதலாம் இடத்துக்கு வந்தார். துனீசியாவின் ஒன்ஸ் ஜபேர் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளும் விம்பிள்டன் இறுதியில் ஆடினார். மூன்று வயதில் அவருக்கு டென்னிஸை அறிமுகப்படுத்தியவர் அவரின் தாய். எந்த உடையில் ஆடுவது என்பதைப் பிள்ளையும் வீட்டாரும் தீர்மானிக்கட்டும். உடையைச் சாட்டி ஆட்டத்தையே நிறுத்துவதற்கு இன்று காரணம் இல்லை.

பாக்கியாக இருப்பது

ஐந்து முதல் பதினேழு வயதுவரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலை வருத்தி ஆட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2016ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு அந்நிறுவனம் செய்த ஆய்வில், உலகெங்கும் 11 முதல் 17 வயதுவரையான பெண் பிள்ளைகளில் 85 சதவீதமானோருக்கு அந்த அளவு அசைவு இல்லை என்று தெரியவந்தது. ஆண் பிள்ளைகளில் 78 சதவீதம்.

நமது ஊரில் இது எப்படி நடக்கிறது என்று நாம் எல்லோரும் அறிவோம். ஆறாம் வகுப்பில் மைதானம் நிறையப் பிள்ளைகள். பெரிய பிள்ளையான பிறகு ஒருத்தி ஒருத்தியாகக் குறைவார்கள். உயர்தரத்துக்கு வந்ததும் பாடசாலை விட்ட கையோடு பிரத்தியேக வகுப்பு. இல்ல விளையாட்டுப் போட்டி வரும் மாதத்தில் மட்டும் ஒரு சலசலப்பு. பதின்மூன்று வயதில் பந்தைக் கீழே வைத்தவள் பெரும்பாலும் அதை மீண்டும் எடுப்பதில்லை. நாற்பது வயதில் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கும்போது, தினமும் நடக்கும்படி வைத்தியர் சொல்கிறார். நடப்பதற்கு வெட்கப்படும் ஒரு தலைமுறையாக நம்மில் பலர் ஆகிவிட்டோம்.

டென்னிஸ் ஆடுகளம் ஒன்றை நமது பாடசாலைக்குக் கட்ட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. மலையில் சமதரைக்கு இருக்கும் அருமை இன்றும் அதேதான். நாம் கேட்பது மூன்று சிறு காரியங்கள்.

ஒரு சுவர். அதில் மூன்று அடி உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு எதிரே பன்னிரண்டு எட்டுத் தூரம் சீராக்கிய தரை. பாடசாலையின் எந்தக் கட்டடத்தின் பின்புறத்திலும் இதைச் செய்யலாம்.

ஒரு பெட்டி நிறையப் பந்துகளும் சில ரக்கெட்டுகளும். ரக்கெட் இல்லாவிட்டாலும் பலகைத் துடுப்புப் போதும். வெளிநாடுகளில் வாழும் நம் சகோதரிகள் விடுமுறைக்கு வரும்போது, ஆடி முடித்த பழைய பந்துகளைக் கொண்டுவந்தால்கூடப் போதுமானது. அங்கே கழித்துவிட்ட பந்து இங்கே இன்னும் பல மாதங்கள் ஓடும்.

மூன்றாவது, நேரம். எட்டாம் வகுப்பிலிருந்து உயர்தரம்வரை ஒவ்வொரு மாணவிக்கும் வாரத்தில் இரண்டு மாலைகள், எந்த வகுப்பும் வைக்கப்படாத மாலைகள். இதைப் பெற்றோரிடம் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். அந்தப் பெற்றோரில் பாதிப் பேர் நமது சங்கத்தின் உறுப்பினர்கள், அதாவது நாமே. முதலிரண்டுக்கும் சந்தா சேர்த்தால் போதும். மூன்றாவதற்கு, வீட்டில் மகளின் பக்கம் நின்று பேச வேண்டும்.

நூற்றாண்டு விழாவின் செலவுகள் முடிந்து சங்கத்தின் கணக்கில் மிஞ்சுவது எவ்வளவாக இருந்தாலும், அதிலிருந்து முதலில் ஒரு வாளி வெள்ளைச் சாயம் வாங்கும்படி செயற்குழுவைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.